நல்ல பார்ட்ஸ், பொருந்தாத கூட்டணி: அப்பாவோட எஸ்டீம் எஞ்சினை ரெண்டு தடவை கட்டின கதை

(பாட்காஸ்ட் எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தப்பட்டது.)



போன எபிசோட்ல ட்ராக் டே பத்திப் பேசிட்டிருக்கும்போது, "என் எஞ்சின் ஒரு தடவை போச்சு, அது பெரிய கதை"ன்னு சொல்லிட்டு அடுத்த விஷயத்துக்குப் போயிட்டேன். அதுக்கப்புறம் வந்த மெசேஜ்ல பாதி "அந்தக் கதை எங்க ப்ரோ?" தான். மீதிப் பாதி "எந்த கேம்ஷாஃப்ட் வாங்கலாம்?", "எந்த எக்ஸாஸ்ட் பெஸ்ட்?" மாதிரியான கேள்விங்க. யோசிச்சுப் பார்த்தா ரெண்டுக்கும் ஒரே பதில்தான். அதனால இன்னைக்கு முழு எபிசோடும் அதுக்கே.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். நான் மெக்கானிக் இல்ல. இன்ஜினியரிங் படிச்சேன், ஆனா வேலை சாஃப்ட்வேர்ல. இந்தக் கதையில நடந்த தப்பெல்லாம் என்னோடது. பார்ட்ஸ் விற்றவங்க மேலயும் தப்பு இல்ல, மாட்டிக் கொடுத்தவங்க மேலயும் தப்பு இல்ல. நான் கொடுத்ததை அவங்க சரியா மாட்டினாங்க. நான் கொடுத்ததுதான் பிரச்சினை.

கார் எது?

2001 மாருதி எஸ்டீம். அப்பா புதுசா வாங்கினது. நான் கியர் போடக் கத்துக்கிட்டது அதுலதான். 15 வருஷம் முடிஞ்சு, ஆர்சி ஒரு தடவை அஞ்சு வருஷத்துக்குப் புதுப்பிச்சு, 2021ல அதுவும் முடிஞ்சது. பழைய இரும்பு விலைக்குத்தான் கேட்டாங்க. அப்பாகிட்ட "எனக்குக் கொடுங்க, ட்ராக் கார் ஆக்கிடறேன்"னு கேட்டேன். கொஞ்ச நேரம் யோசிச்சார். "சரி, வெச்சுக்கோ. ஆனா கெடுத்துடாத"ன்னார்.

ட்ராக் கார்னு சொல்றதுக்குக் காரணம் இருக்கு. நம்ம நாட்டுல மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தி ரோட்டுல ஓட்டக் கூடாது. அதனால இந்தக் கார் இனிமே ரோட்டுல ஓடாது. வண்டியில ஏத்தி செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேக்குக் கொண்டுபோய் இறக்கணும், ஓட்டணும், திரும்ப ஏத்தணும். அவ்வளவுதான். மாருதி 800 எஞ்சினை வெச்சே ஃபார்முலா மாருதி ரேஸ் காரை உருவாக்கின கரிவர்தன் பேர்ல இருக்கிற ட்ராக் அது. கோயம்புத்தூர்க்காரங்களுக்குச் சின்ன எஞ்சின்ல பெரிய வேலை பார்க்கிறது புதுசு இல்ல.

எஸ்டீம் எம்பிஎஃப்ஐ எஞ்சின் 1298 சிசி, நாலு சிலிண்டர், 16 வால்வு, 85 பிஎச்பி. சிலிண்டரோட விட்டம் 74 மி.மீ., பிஸ்டன் மேலேயும் கீழேயும் போற தூரம், அதாவது ஸ்ட்ரோக், 75.5 மி.மீ. இந்த ரெண்டு எண்ணையும் ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

ஸ்ப்ரெட்ஷீட்ல கட்டின எஞ்சின்

சாஃப்ட்வேர்க்காரன் என்ன பண்ணுவான்? ஒரு ஸ்ப்ரெட்ஷீட் திறந்தேன். கேம்ஷாஃப்ட், த்ராட்டில் பாடி, எக்ஸாஸ்ட், ஏர் ஃபில்டர்னு வரிசையா எழுதி, ஒவ்வொண்ணுலயும் எது டாப்னு தேடினேன். ஒவ்வொரு பார்ட்டும் தனித்தனியா நல்ல பேர் வாங்கினது. ராத்திரி ஒரு மணிக்கு உட்கார்ந்து வீடியோ பார்த்து, "இது 8 பிஎச்பி கூடும், அது 6 கூடும்"னு ஒரு காலம் போட்டு, கடைசியில கூட்டுத்தொகையும் போட்டேன். அந்தக் கூட்டுத்தொகை ஃபார்முலாவை இன்னைக்கு நினைச்சாலும் சிரிப்பு வருது.

வாங்கினது இதுதான்: வால்வை ரொம்ப நேரம் திறந்து வெச்சிருக்கிற ஒரு ரேஸ் கேம்ஷாஃப்ட், பெரிய த்ராட்டில் பாடி, தடிமனான எக்ஸாஸ்ட் பைப். ரெண்டு வருஷச் சேமிப்புல பெரும் பகுதி அதுக்கே போச்சு. எஞ்சினோட உள்பக்கம், கம்ப்ரஷன், ஈசியு எல்லாம் கம்பெனி கொடுத்தது கொடுத்தபடியே.

ஸ்டார்ட் பண்ணினதும் சத்தம் பிரமாதமா இருந்தது. ரேஸ் கார் மாதிரி குதிச்சுக் குதிச்சு ஐடிலிங். கண்ணுல தண்ணி வராத குறை. ட்ராக்ல இறக்கினா, திருப்பம் முடிஞ்சு ஆக்சிலரேட்டர் மிதிச்சா இழுவையே இல்ல. 4800 ஆர்பிஎம் தாண்டினாத்தான் முழிக்குது. டைனோல ஏத்திப் பார்த்தோம். மாத்தறதுக்கு முன்னாடி சக்கரத்துல 70 பிஎச்பி இருந்த கார், இப்போ 6900 ஆர்பிஎம்ல 73. மூணு பிஎச்பி கூடியிருக்கு. ஆனா 4500க்குக் கீழ எல்லா இடத்துலயும் பழைய எஞ்சினைவிடக் கம்மி. அதாவது காசு கொடுத்து என் காரை மெதுவா ஆக்கியிருந்தேன்.

அடுத்த தப்பு

இங்கயே நிறுத்தி யார்கிட்டயாவது கேட்டிருக்கணும். கேட்கல. "கேம்தான் சரியில்ல"ன்னு நானே முடிவு பண்ணி, பழைய கேமைத் திரும்பப் போட்டேன். அப்புறம் "கம்ப்ரஷன் ஏத்தினா இழுவை வரும்"னு எங்கயோ படிச்சது ஞாபகம் வந்தது. அது உண்மைதான். ஹெட்டைக் கழற்றி லேத் பட்டறையில கொடுத்து ஒரு மி.மீ.க்குக் கொஞ்சம் மேல ஃபேசிங் போட்டு வாங்கினேன்.

இப்போ கார் அருமையா இழுத்தது. முதல் நாலு லேப் எனக்குத் தரை தெரியல. அஞ்சாவது லேப்ல, மேட்டுல முழு ஆக்சிலரேட்டர்ல, டப்பாவுக்குள்ள கூழாங்கல் போட்டு ஆட்டின மாதிரி ஒரு சத்தம். ஹெல்மெட்டுக்குள்ள சரியா கேட்கல, கேட்டாலும் கவனிச்சிருப்பேனான்னு தெரியல. ரெண்டு லேப் கழிச்சு எக்ஸாஸ்ட்ல நீலப் புகை. ஒரு சிலிண்டர்ல அழுத்தமே இல்ல.

எஞ்சின் வெடிக்கல. பிஸ்டன்ல ரிங் உட்கார்ற விளிம்பு உடைஞ்சிருந்தது. உடைஞ்ச துண்டு சிலிண்டர் சுவரைக் கீறி விட்டிருந்தது. போட்டது 91 ஆக்டேன் சாதாரண பெட்ரோல்.

வீட்டுக்கு அந்த பிஸ்டனை எடுத்துட்டுப் போனேன். அப்பா கையில வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திட்டவே இல்ல. "என்கிட்ட இருபது வருஷம் ஓடுச்சு. உன்கிட்ட நாலு மாசம்"னு மட்டும் சொல்லிட்டு டேபிள் மேல வெச்சுட்டுப் போயிட்டார். திட்டியிருந்தாலே பரவாயில்லன்னு இருந்தது.

அண்ணன் கேட்ட கேள்வி

அப்புறம்தான் தெரிஞ்சவங்க மூலமா கணபதி பக்கம் ஒரு எஞ்சின் பில்டரைப் போய்ப் பார்த்தேன். முப்பது வருஷமா ரேஸ் எஞ்சின் கட்டுறவர். பேர் சொல்ல வேண்டாம்னார், அதனால அண்ணன்னே சொல்றேன். உடைஞ்ச பிஸ்டனையும் மீதியிருந்த ரேஸ் கேமையும் எடுத்துட்டுப் போய் பெஞ்ச் மேல வெச்சு, "இதுல எது அண்ணா மோசம்?"னு கேட்டேன்.

ரெண்டையும் பார்த்துட்டு, "ரெண்டும் நல்ல சாமானுங்க தம்பி"ன்னார். "நீங்க வண்டியை எந்த ஆர்பிஎம்ல இருந்து எந்த ஆர்பிஎம் வரைக்கும் ஓட்டப் போறீங்க? அதைச் சொல்லுங்க முதல்ல."

எனக்குப் பதில் தெரியல. அவ்வளவு செலவு பண்ணியிருக்கேன், ஸ்ப்ரெட்ஷீட்ல நாற்பது வரி இருக்கு, அதுல இந்த ஒரு கேள்விக்கான காலமே இல்ல.

இன்னைக்கு எபிசோட்ல நீங்க எடுத்துட்டுப் போக வேண்டியது இந்தக் கேள்வி மட்டும்தான். மத்ததெல்லாம் இதுல இருந்து வர்ற கணக்கு.

இன்லெட் வால்வு எப்போ மூடுது?

கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம். பயப்படாதீங்க, கூட்டல் வகுத்தல் தெரிஞ்சா போதும்.

ஒரு சிலிண்டர்ல பிஸ்டன் கடக்கிற இடம் சுமார் 325 சிசி. பிஸ்டன் உச்சிக்குப் போனப்புறம் மேல மிச்சம் இருக்கிற இடம் 38 சிசின்னு வெச்சுக்கோங்க. 325-ஐயும் 38-ஐயும் கூட்டி 38-ஆல வகுத்தா 9.5. இதுதான் எல்லாரும் சொல்ற கம்ப்ரஷன் ரேஷியோ.

ஆனா இது காகிதக் கணக்கு. பிஸ்டன் கீழ போய்த் திரும்பி மேல ஏற ஆரம்பிச்ச பிறகும் இன்லெட் வால்வு கொஞ்ச நேரம் திறந்தேதான் இருக்கும். ஏன்? காத்துக்கும் எடை இருக்கு. வேகமா ஓடி வர்ற காத்து சட்டுன்னு நிக்காது. 7000 ஆர்பிஎம்ல பிஸ்டன் ஒரு தடவை கீழ இறங்க எடுத்துக்கிற நேரம் 4.3 மில்லி செகண்ட். நம்ம சர்வர் ஒரு சின்ன ரிக்வெஸ்டுக்குப் பதில் சொல்றதைவிடக் கம்மி. அந்த நேரத்துல சிலிண்டர் நிறையாது. அதனால வால்வைத் தாமதமா மூடினா, ஓடி வர்ற வேகத்துலயே இன்னும் கொஞ்சம் காத்து உள்ள நுழையும். ரேஸ் கேம் பண்றது இதைத்தான்.

அதே கேம் 2500 ஆர்பிஎம்ல? காத்துக்கு அந்த வேகம் இல்ல. மேல ஏறுற பிஸ்டன் உள்ள வந்த கலவையைத் திரும்ப மேனிஃபோல்டுக்கே தள்ளி விடும். வால்வு மூடின பிறகுதான் உண்மையான அழுத்தமே ஆரம்பிக்குது. அப்போ நிஜ கம்ப்ரஷனைக் கணக்குப் போட, முழு ஸ்ட்ரோக்கை எடுக்கக் கூடாது. வால்வு மூடினப்புறம் மிச்சம் இருக்கிற ஸ்ட்ரோக்கை மட்டும்தான் எடுக்கணும்.

அன்னைக்கு ராத்திரி வீட்டுக்கு வந்து பைத்தான்ல இருபது வரி எழுதினேன். கனெக்டிங் ராடு நீளம் 120 மி.மீ.ன்னு வெச்சுக்கிட்டேன். வந்த எண்ணுங்க இதோ:

கம்பெனி கேம், பிஸ்டன் அடிமட்டம் தாண்டி 45 டிகிரில இன்லெட் மூடுதுன்னு வெச்சா, நிஜ கம்ப்ரஷன் 8.6.

ரேஸ் கேம், 70 டிகிரில மூடுது, மத்ததெல்லாம் அப்படியே. 7.3. என் முதல் பில்ட் இதுதான். கீழ்ப் பக்கம் இழுவை எங்க போச்சுன்னு தெரியுதா?

கம்பெனி கேம், ஆனா ஹெட் ஃபேசிங் போட்டு மேல் இடம் 34 சிசி ஆயிடுச்சு. காகிதத்துல 10.5 தான். நிஜத்துல 9.5. அதுல 91 ஆக்டேன் பெட்ரோல். என் ரெண்டாவது தப்பு இது. ஸ்பார்க் பத்த வெச்ச நெருப்பு போய்ச் சேர்றதுக்கு முன்னாடியே மூலையில இருக்கிற கலவை சூட்டுலயும் அழுத்தத்துலயும் தானா பத்திக்கும். நாக்கிங்னு சொல்றோமே, அது. நான் கேட்ட கூழாங்கல் சத்தம் அதுதான். ஒவ்வொரு தடவையும் பிஸ்டன் தலையில சுத்தியல் அடி.

ஸ்க்ரீன்ல இந்த மூணு எண்ணையும் பார்த்துட்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். நீளமான கேமுக்கு அதிக கம்ப்ரஷன் வேணும். அதிக கம்ப்ரஷனுக்கு நீளமான கேம் வேணும். நான் ரெண்டையும் வாங்கினேன். ஆனா ஒண்ணை எடுத்துட்டு இன்னொண்ணை வெச்சேன். ஒரு தடவைகூட ரெண்டையும் சேர்த்து ஓட்டல.

சரி, சேர்த்துட்டா முடிஞ்சதா?

நானும் அப்படித்தான் நினைச்சேன். மறுநாள் எண்ணுங்களோட ஓடிப்போய், "அண்ணா, ரேஸ் கேமையும் இந்த ஹெட்டையும் சேர்த்துக் கட்டிடலாம்"னேன். அவர் "கியர் பாக்ஸ் என்னது?"ன்னார்.

என் காரோட முதல் கியர் சுமார் 3.4, இரண்டாவது சுமார் 1.9. முதல் கியர்ல 7000 வரைக்கும் இழுத்து இரண்டாவது போட்டா ஊசி எங்க விழும்? 7000-ஐ 1.9-ஆல பெருக்கி 3.4-ஆல வகுங்க. சுமார் 3900. ரேஸ் கேம் முழிக்கிறது 4800ல. அதாவது ஒவ்வொரு கியர் மாத்தும்போதும் எஞ்சின் தூங்கப் போயிட்டுத் திரும்ப எழுந்திரிக்கும். அந்தக் கேமுக்கு நெருக்கமான கியர்கள் உள்ள ரேஸ் பாக்ஸ் வேணும். அது என் பட்ஜெட்டுக்கு ரொம்ப தூரம்.

அடுத்தது மேல் எல்லை. எவ்வளவு ஆர்பிஎம் வரைக்கும் போகலாம்னு முடிவு பண்றது கேம் இல்ல, கனெக்டிங் ராடும் அதோட போல்ட்டும். பிஸ்டன் உச்சியில நின்னு திரும்பும்போது ராடை இழுக்கிற விசை ஆர்பிஎம்மோட வர்க்கத்துல ஏறும். 6500ல இருந்து 8000 போனா ஆர்பிஎம் கூடுறது 23 சதவீதம். விசை கூடுறது 51 சதவீதம். 7200-ல நிறுத்தினா விசை 23 சதவீதம்தான் கூடும். பழைய ராடையே வெச்சு, போல்ட்டை மட்டும் புதுசா போட்டு, 7200ல லிமிட்டர் வைக்கலாம்னு முடிவாச்சு.

அப்போ என் எஞ்சினுக்கு அண்ணன் கேட்ட கேள்விக்கான பதில் கிடைச்சாச்சு: 3500ல இருந்து 7000 வரைக்கும். கியர் பாக்ஸ் கீழ் எல்லையைச் சொல்லிடுச்சு, ராடு மேல் எல்லையைச் சொல்லிடுச்சு. இனிமே வாங்குற எல்லாப் பார்ட்டும் இந்த ரெண்டு எண்ணுக்கு நடுவுல வேலை செய்யணும்.

அதுக்குத் தேடினப்போ கிடைச்சது இன்லெட் 60 டிகிரில மூடுற ஒரு நடுத்தரக் கேம். 34 சிசி ஹெட்டோட கணக்குப் போட்டா நிஜ கம்ப்ரஷன் 8.7. கம்பெனி எஞ்சினோட 8.6-க்குப் பக்கத்துலயே வந்து நின்னுடுச்சு. பெட்ரோல் 95 ஆக்டேன்.

கம்பெனிக்காரங்களுக்கும் இதே தலைவலிதான். ஒரே கேம் கீழயும் மேலயும் நல்லா இருக்க முடியாது. ஹோண்டா 1989ல இன்டெக்ரால வீடெக் எஞ்சினைக் கொண்டு வந்தது இதுக்காகத்தான். ஒரே ஷாஃப்ட்ல ரெண்டு வகை கேம், கீழ ஒண்ணு, மேல ஒண்ணு. 1.6 லிட்டர்ல 160 குதிரைத் திறன். ஆனா அவங்க கேமை மட்டும் மாத்தி அதை எடுக்கல. ராடு, ஸ்பிரிங், ஹெட், ஈசியு எல்லாத்தையும் அந்த ஆர்பிஎம்முக்கு ஏத்த மாதிரி சேர்த்தே வடிவமைச்சாங்க. நாம வீடெக்னு ஒரு பார்ட் பேரை மட்டும் ஞாபகம் வெச்சுக்கிட்டோம்.

மத்தவங்களும் கூட்டணியில வரணும்

கேம், கம்ப்ரஷன் ரெண்டும் முடிவானதும் மத்தது வேகமா முடிவாச்சு. வேகமாவே சொல்றேன்.

வால்வு ஸ்பிரிங். புது கேம் வால்வை இன்னும் ஆழமாத் தள்ளும், அதிக ஆர்பிஎம்லயும் ஓடும். பழைய ஸ்பிரிங் ரெண்டு விதத்துல மாட்டிக்கும். முழுசா அமுங்கும்போது சுருள் ஒண்ணோட ஒண்ணு இடிக்கலாம். இல்லன்னா வேகத்துல வால்வு கேமைப் பின்தொடராம மிதக்கலாம். கேம் வாங்கும்போதே அதுக்கேத்த ஸ்பிரிங்கும் ரிடெய்னரும் செட்டா வாங்கிடுங்க.

வால்வுக்கும் பிஸ்டனுக்கும் நடுவுல இடைவெளி. ஹெட்டைச் சீவினா வால்வு பிஸ்டன் பக்கம் வரும். அண்ணன் பிள்ளைங்க விளையாடுற களிமண்ணைப் பிஸ்டன் மேல ஒட்டி, ஹெட்டை மாட்டி, கையால ரெண்டு சுத்து சுத்தி, திரும்பக் கழற்றி, பதிஞ்ச களிமண்ணைப் பிளேடால வெட்டி அளந்தார். இன்லெட் பக்கம் 2 மி.மீ., எக்ஸாஸ்ட் பக்கம் 2.5 மி.மீ. அவரோட குறைந்தபட்சம். லட்ச ரூபாய் எஞ்சினைக் காப்பாத்தினது இருபது ரூபாய்க் களிமண்.

கேம் டைமிங். இது எனக்குத் தெரியவே தெரியாது. கேம் ஹெட்டுக்கு மேல இருக்கிற எஞ்சின்ல, ஹெட்டைச் சீவினா கேமும் கிராங்க்கும் பக்கத்துல வந்துடும். டைமிங் பெல்ட் மாறாது. அதனால கேம் ஒண்ணு ரெண்டு டிகிரி பின்தங்கிடும். என் பழைய பில்ட்ல அதையும் யாரும் சரி பண்ணல, நானும் கேட்கல. இந்தத் தடவை திருப்பி வைக்கிற வசதி இருக்கிற புல்லி போட்டு, டயல் கேஜ் வெச்சு அளந்து, கேம் கார்டுல இருக்கிற டிகிரிக்குக் கொண்டு வந்தோம்.

த்ராட்டில் பாடியும் எக்ஸாஸ்ட்டும். பெரிசா இருந்தா நல்லதுன்னு நான் நினைச்சேன். குழாய் பெரிசானா காத்தோட வேகம் குறையும். நம்ம கேம் வேலை செய்றதே காத்தோட வேகத்தை நம்பித்தான். 7000-ல முடியற எஞ்சினுக்கு அவ்வளவு பெரிய வாய் தேவையே இல்ல. பழைய த்ராட்டில் பாடியே திரும்ப வந்தது. எக்ஸாஸ்ட்ல நாலு பைப் ரெண்டாகி, ரெண்டு ஒண்ணாகுற வகை போட்டோம். நடு ஆர்பிஎம்ல இழுவைக்கு அதுதான் தோது.

இன்ஜெக்டர். 100 பிஎச்பிக்கு, இன்ஜெக்டர் 80 சதவீத நேரத்துக்கு மேல திறந்திருக்கக் கூடாதுன்னு வெச்சா, ஒவ்வொண்ணும் நிமிஷத்துக்குச் சுமார் 165 சிசி கொடுக்கணும். இருந்ததை டெஸ்ட் பெஞ்ச்ல போட்டுப் பார்த்தோம், போதும். புதுசு வாங்கல.

ஈசியு. கம்பெனி ஈசியுவுக்குப் புது கேம் இருக்கிறதே தெரியாது. பழைய கேம் கணக்குப்படியே பெட்ரோலும் ஸ்பார்க்கும் கொடுக்கும். ட்யூன் பண்ணக்கூடிய ஈசியு போட்டு, டைனோல வெச்சு மேப் எழுதினோம். மிச்சம் பிடிச்ச காசெல்லாம் இங்க போச்சு, போனது சரிதான். இன்னொண்ணு, இப்போ பங்க்ல கிடைக்கிறது பெரும்பாலும் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். சாதாரண பெட்ரோலுக்கு ஒரு பங்குக்கு 14.7 பங்கு காத்துன்னா, இதுக்குச் சுமார் 13.5. அதாவது அதே காத்துக்கு இன்னும் கொஞ்சம் அதிக பெட்ரோல். எந்தப் பெட்ரோல்ல ஓட்டப் போறீங்களோ அதுலயே ட்யூன் பண்ணுங்க. பழைய ரப்பர் ஹோஸ் இருந்தா முதல்ல அதை மாத்துங்க.

கடைசியா எடை. புது பிஸ்டன் நாலையும், ராடு நாலையும் அண்ணன் நகைக்கடைத் தராசு மாதிரி ஒண்ணுல வெச்சு எடை போட்டார். எது லேசோ அதுதான் கணக்கு. மத்த மூணையும் கொஞ்சம் கொஞ்சமா உரசி ஒரு கிராமுக்குள்ள கொண்டு வந்தார். ராடை மட்டும் மேல் முனை, கீழ் முனைன்னு தனித்தனியா. ஹெட்ல நாலு குழியிலயும் ப்யூரெட் வெச்சுத் திரவம் ஊத்தி சிசி அளந்து சமன் பண்ணினார். ப்ளஸ் டூ கெமிஸ்ட்ரி லேப்புக்கு அப்புறம் நான் ப்யூரெட் பார்த்தது அன்னைக்குத்தான். நாலு சிலிண்டரும் ஒரே மாதிரி இருந்தாத்தான் ஒரே மேப் நாலுக்கும் சரியா வரும். ஒண்ணு மட்டும் கம்ப்ரஷன் அதிகமா இருந்தா, நாக்கிங் அங்கதான் ஆரம்பிக்கும். முழு எஞ்சினையும் அந்த ஒண்ணுக்காக இறக்கி ட்யூன் பண்ண வேண்டி வரும்.

முடிவு என்ன ஆச்சு?

ரெண்டாவது பில்ட் டைனோல சக்கரத்துக்கு 83 பிஎச்பி, 6700 ஆர்பிஎம்ல. முதல் பில்ட்டைவிடப் பத்து அதிகம். அதைவிட முக்கியம், 3000ல இருந்தே பழைய எஞ்சினுக்கு மேல. வேடிக்கை என்னன்னா, இந்த எஞ்சின்ல இருக்கிற எந்தப் பார்ட்டும் அதோட வகையில டாப் இல்ல. எல்லாமே நடுத்தரம். என் பழைய ஸ்ப்ரெட்ஷீட்ல இதுல ஒண்ணுகூடத் தேறியிருக்காது.

அந்த ரேஸ் கேம்? அதே எஞ்சின் வெச்சிருக்கிற நண்பன் ஒருத்தன் வாங்கிக்கிட்டான். அவன்கிட்ட 11-க்கு மேல கம்ப்ரஷன், நெருக்கமான கியர், நல்ல ராடு எல்லாம் இருக்கு. அவன் கார்ல அது பறக்குது. நான் மாசக்கணக்கா திட்டிட்டிருந்த அதே கேம்.

நம்ம வேலையிலயும் இது தினமும் நடக்குது இல்ல? ஒவ்வொரு லைப்ரரியும் லேட்டஸ்ட் வெர்ஷன், ஆனா ப்ராஜெக்ட் பில்ட் ஆகாது. அங்க எரர் மெசேஜ் வரும், படிச்சுத் திருத்திக்கலாம். எஞ்சின்ல எரர் மெசேஜ் கூழாங்கல் சத்தமா வரும். அது கேட்கும்போது ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை எடுத்துடுங்க. அந்த ஒண்ணை மட்டும் நான் அன்னைக்குப் பண்ணியிருந்தா ஒரு பிஸ்டன் மிஞ்சியிருக்கும்.

அதனால "எந்த கேம் வாங்கலாம் ப்ரோ?"ன்னு கேட்டவங்களுக்கு என் பதில்: எங்க ஓட்டப் போறீங்க, என்ன கியர் பாக்ஸ், என்ன பெட்ரோல், ராடு எவ்வளவு தாங்கும்? இந்த நாலையும் ஒரு காகிதத்துல எழுதுங்க. எழுதினதும் கேம் தானா தெரியும். கேம் தெரிஞ்சதும் கம்ப்ரஷன் தெரியும், அப்புறம் ஸ்பிரிங், எக்ஸாஸ்ட், ஈசியு. இந்த வரிசையில போங்க. காசு மொத்தமா சேர்ற வரைக்கும் ஒரு பார்ட்டை மட்டும் வாங்கி மாட்டிப் பார்க்கலாம்னு ஆசைப்படாதீங்க. காத்திருங்க. வண்டி அப்படியே ஓடட்டும், கம்பெனிக்காரங்க அதை ஏற்கெனவே ஒரு நல்ல கூட்டணியாத்தான் கட்டியிருக்காங்க.

கடைசியா ஒண்ணு. போன மாசம் அப்பாவைச் செட்டிபாளையம் கூட்டிட்டுப் போனேன். பிட்ல கார் ஓடிட்டிருந்தது. கையைப் பின்னாடி கட்டிக்கிட்டு ஒரு சுத்து சுத்தி வந்தார். நான் டைனோ காகிதத்தை எடுத்துக் காட்டலாம்னு பையில கை விட்டேன். அதுக்குள்ள, "ஐடிலிங் கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கே"ன்னார்.

அவர் சொன்னது சரிதான். முன்னாடி 850ல நிக்கும், புது கேமுக்காக 1050 வெச்சிருக்கோம். டைனோ காகிதத்துல வராத விஷயம், இருபது வருஷம் ஓட்டின காதுக்குத் தெரிஞ்சுடுச்சு. "அதுக்கு ஒரு காரணம் இருக்குப்பா"ன்னு ஆரம்பிச்சு, இன்லெட் வால்வு மூடுறதுல இருந்து எல்லாத்தையும் சொன்னேன். பொறுமையா கேட்டார். அப்புறம் ஹெல்மெட் இருக்கான்னு கேட்டார்.

நாலு லேப் ஓட்டினார். டைம் சொல்ல மாட்டேன்.

உங்க பில்ட் கதை, உடைஞ்ச கதை எதுவா இருந்தாலும் வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம். அதுவரைக்கும் பத்திரமா ஓட்டுங்க மக்களே.